மூளைத்தண்டில் ஒரு நீல மடை

கடலூர் தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “காற்று கொஞ்சம் பலமாக வீசினாலே எனக்குத் தூக்கம் போய்விடுகிறது. மறுநாள் முழுக்கக் காரணமில்லாத படபடப்பு. பயத்தால் தூக்கம் கெடுகிறதா, தூக்கம் கெட்டதால் பயமா?” 2011 டிசம்பர் 30 காலையில் ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. அதற்கு முந்தைய இரவை இங்கே கழித்தவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதாக இருக்காது.

இரண்டும்தான். பயந்தால் அட்ரினலின் சுரக்கும், நெஞ்சு அடித்துக்கொள்ளும், தூக்கம் வராது. இது பள்ளிப் பாடம். மறுபாதிக்கு வருவோம். ஆபத்தை மோப்பம் பிடிப்பது மூளைக்குள் இருக்கும் அமிக்டலா. அதை அதட்டி உட்கார வைப்பது நெற்றிக்குப் பின்னுள்ள முன்மூளை. ஓர் இரவு தூங்காதவர்களிடம் மனத்தைக் கலக்கும் படங்களைக் காட்டியபோது, தூங்கியவர்களைவிட அமிக்டலா சுமார் 60 சதவீதம் கூடுதலாகத் துள்ளியது என்கிறது 2007இல் வெளியான அமெரிக்க ஆய்வு. முன்மூளையின் பிடியும் தளர்ந்திருந்தது.

என்னை மயக்குவது இதற்கும் கீழே, மூளைத்தண்டில் இருக்கும் ஒரு துணுக்கு. பெயர் லோகஸ் செருலியஸ். லத்தீனில் ‘நீல இடம்’. அறுத்துப் பார்த்தால் நிஜமாகவே நீலம் பூத்திருக்கும். இரு பக்கமும் சேர்த்துச் சில பத்தாயிரம் நரம்பணுக்கள்தாம், ஆனால் மூளை முழுவதற்கும் நோர்அட்ரினலின் என்ற விழிப்பூட்டும் வேதிப்பொருளைப் பாய்ச்சும் மடை அது. விழிப்பில் திறந்திருக்கும், ஆழ்ந்த தூக்கத்தில் சுருங்கும், கனவுத் தூக்கத்தில் ஏறக்குறைய முழுதாக அடைபடும். அமிக்டலாவோ அப்போதுதான் மும்முரமாக இயங்குகிறது. கூரைத் தகரம் பறந்த ஓசை திரும்ப வரும், கூடவே வரவேண்டிய பதைப்பு வராது. இப்படித்தான் நினைவின் முள் மழுங்குகிறது என்று ஆய்வாளர்கள் சிலர் கருதுகிறார்கள். பதற்றத்தில் இருப்பவர்களுக்கு மடை சரியாக அடைவதில்லையோ என்பது அவர்கள் ஊகம். நோர்அட்ரினலினைத் தடுக்கும் பிரசோசின் மாத்திரை சிறு ஆய்வுகளில் கெட்ட கனவைக் குறைத்தது. 2018இல் வெளியான பெரிய ஆய்வில் போலி மாத்திரையை மிஞ்சவில்லை. அறிவியல் இப்படி மூக்குடைபடுவது எனக்குப் பிடிக்கும்.

வாசகிக்கு யாரோ தாயத்து கட்டச் சொன்னார்களாம். தாயத்து தூக்கத்தைக் கெடுக்காது. ‘ஏதோ பிடித்திருக்கிறது’ என்ற பேச்சு கெடுக்கும். வாரக்கணக்கில் நீண்டால் மனநல மருத்துவரைப் பார்ப்பதே சரி. புயலுக்குப் பின் கூரையை, படகை, முந்திரி மரத்தை எண்ண ஆள் வருகிறார்கள். தூங்கினீர்களா என்று கேட்க யாரும் வந்து நான் பார்த்ததில்லை.

கனவுத் தூக்கத்தின் பெரும்பங்கு விடியலை ஒட்டித்தான் வருகிறது. வாசகி மூன்றரைக்கே எழுந்து மீன் ஏலத்துக்குப் போகிறவர். ‘நன்றாகத் தூங்குங்கள் அம்மா’ என்று அவருக்கு எழுத எனக்குக் கை வரவில்லை.