தொடையிடுக்கில் பூசும் ஸ்டீராய்டு குழந்தையைப் போய்ச் சேருமா?

ஐந்தாம் மாதக் கர்ப்பிணி ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். தொடையிடுக்கிலும் பிறப்புறுப்பின் வெளிப்புறத்திலும் எக்ஸிமா என்ற தோல் அழற்சி, ராத்திரி ஆனால் தூங்கவிடாத அரிப்பு. தோல் மருத்துவர் ஹைட்ரோகார்டிசோன் என்ற ஸ்டீராய்டு 1 சதவீதம் உள்ள களிம்பு எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆனால் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த துண்டுச்சீட்டில் கர்ப்பிணிகளுக்கான எச்சரிக்கையைப் படித்ததும் கை நின்றுவிட்டது, ஒன்பது நாளாக டியூபின் மூடியையே திறக்கவில்லையாம். "அந்த இடத்தில் தோல் மெலிசு, மருந்து நிறைய உள்ளே இறங்கும் என்கிறார்களே, குழந்தைக்குப் போகாதா?" என்பது அவர் கேள்வி.

தோல் மெலிசு, மருந்து அதிகம் இறங்கும் என்பது உண்மைதான். ஆனால் இறங்கியதற்கு அப்புறம் என்ன நடக்கிறது என்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. எனக்கு மிகவும் பிடித்த பகுதியே அதுதான்.

முதலில் எக்ஸிமா ஏன் இப்போது வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கருவில் பாதி மரபணு அப்பாவுடையது. அம்மாவின் உடம்பு அதை அன்னியம் என்று தாக்கிவிடாமல் இருக்க, நோய் எதிர்ப்பு மண்டலம் செல்களையே அழிக்கும் டிஎச்1 வகைத் தாக்குதலைத் தணித்துக்கொண்டு, ஒவ்வாமையோடு தொடர்புள்ள டிஎச்2 பக்கம் சாய்கிறது. எக்ஸிமா அந்த டிஎச்2 பக்கத்து நோய். அங்கே சுரக்கும் இன்டர்லூகின் 4, 13 ஆகிய செய்தி மூலக்கூறுகள் தோலின் மேலடுக்கைக் கட்டிக் காக்கும் ஃபிலாகிரின் என்ற புரதத்தைக் குறைத்துவிடும். (இந்தப் புரதத்தின் மரபணுப் பழுதுக்கும் எக்ஸிமாவுக்கும் உள்ள தொடர்பை 2006இல் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகக் குழு கண்டுபிடித்தது.) அதனால்தான் கர்ப்ப காலத்தில் வரும் தோல் பிரச்சினைகளில் எக்ஸிமாவுக்கே முதலிடம். இதுவரை வராதவர்களுக்குக்கூட இப்போது முதல் முறையாக வரும்.

மடிப்புப் பகுதிக்கு வருவோம். 1967இல் ஃபெல்ட்மன், மைபாக் என்ற இரு ஆய்வாளர்கள் கதிரியக்கக் குறியிட்ட ஹைட்ரோகார்டிசோனை ஆண்களின் உடம்பில் வெவ்வேறு இடங்களில் பூசி, எவ்வளவு உள்ளே போகிறது என்று அளந்தார்கள். முன்கை உட்புறத்தை 1 என்று வைத்துக்கொண்டால் உள்ளங்கால் 0.14, அக்குள் 3.6, நெற்றி 6, விதைப்பை 42! பெண்ணுறுப்பின் வெளிப்புறத் தோலும் முன்கையைவிடப் பல மடங்கு உறிஞ்சும். அதோடு இடுக்கில் தோலும் தோலும் ஒட்டிக்கொண்டிருப்பதால் வேர்வை ஆறாது, பூசியதும் அங்கேயே தங்கும்.

சரி, ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை டியூபைப் பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம் களிம்பு. 1 சதவீதம் என்றால் அதில் 5 மில்லிகிராம் ஹைட்ரோகார்டிசோன் இருக்கும். மெல்லிய தோல் என்று தாராளமாகப் பத்தில் ஒரு பங்கு உள்ளே போவதாக வைத்துக்கொண்டாலும் அரை மில்லிகிராம். உங்கள் அட்ரீனல் சுரப்பிகள் கர்ப்பம் இல்லாத நாளிலேயே தினமும் சுமார் 10 மில்லிகிராம் கார்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. ஹைட்ரோகார்டிசோனும் கார்டிசாலும் ஒரே மூலக்கூறு, கடையில் ஒரு பெயர், உடம்பில் ஒரு பெயர், அவ்வளவுதான்.

கர்ப்பத்தில் அம்மாவின் கார்டிசால் இன்னும் ஏறும், கடைசி மாதங்களில் இரத்தத்தில் இரண்டு மூன்று மடங்காகிவிடும். அவ்வளவும் குழந்தைக்குப் போனால் அதன் வளர்ச்சி தடைப்பட்டுவிடும். போகாமல் தடுப்பது நஞ்சுக்கொடி. அதில் அம்மாவின் இரத்தத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் மேலடுக்கு வினோதமானது. செல்கள் தனித்தனியாக நிற்காமல் ஒன்றோடொன்று இணைந்து, இடையில் சுவரே இல்லாத ஒரே பெரிய விரிப்பாகிவிட்டவை. பிரசவ நேரத்தில் விரித்துப் பார்த்தால் 10 சதுர மீட்டருக்கும் மேல் வரும். செல்லுக்கும் செல்லுக்கும் நடுவில் சந்து இல்லாததால், கார்டிசால் குழந்தையிடம் போக வேண்டுமானால் அந்த விரிப்பின் உள்ளேயே புகுந்துதான் கடக்க வேண்டும். உள்ளே எச்.எஸ்.டி.2 என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒரு நொதி நெருக்கமாக உட்கார்ந்திருக்கிறது. கார்டிசாலின் 11ஆவது கார்பனில் ஓர் ஆக்சிஜனும் அதோடு ஒட்டிய ஹைட்ரஜனும் இருக்கும். இந்த நொதி அந்த இடத்திலிருந்து இரண்டே இரண்டு ஹைட்ரஜன்களை உருவிவிடுகிறது. மூலக்கூறு கார்டிசோன் ஆகிவிடுகிறது. பார்க்க அச்சு அசல் அதே மாதிரிதான், ஆனால் செல்லில் உள்ள ஏற்பியில் இனிப் பொருந்தாது. பூட்டு இருக்கிறது, சாவியில் ஒரு பல் போய்விட்டது!

இரண்டு ஹைட்ரஜனில் என்ன வந்துவிடப்போகிறது என்று தோன்றலாம். ஆரம்பத்தில் கார்டிசோனைத்தான் தோலில் பூசிப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. 1952இல் சுல்ஸ்பெர்கர், விட்டன் என்ற மருத்துவர்கள் ஹைட்ரோகார்டிசோனைப் பூசினார்கள், எக்ஸிமா அடங்கியது. வித்தியாசம் அந்த இரண்டு ஹைட்ரஜன்தான்.

இந்தக் காவல் எல்லா ஸ்டீராய்டுக்கும் ஒரே மாதிரி வேலை செய்யாது. பீட்டாமெத்தசோன், டெக்ஸாமெத்தசோன் போன்றவற்றில் 11ஆவதுக்குப் பக்கத்து 9ஆவது கார்பனில் ஒரு ஃபுளூரின் இருப்பதால் நொதியின் பிடியிலிருந்து பெரும்பாலும் தப்பித்துவிடும். மருத்துவம் அதையே பயன்படுத்திக்கொண்டது. குறைமாதப் பிரசவம் வரும் என்று தெரிந்தால் குழந்தையின் நுரையீரல் சீக்கிரம் முதிர அம்மாவுக்குப் பீட்டாமெத்தசோன் ஊசி போடுவது 1972இல் நியூசிலாந்தில் லிகின்ஸ், ஹவீ வெளியிட்ட ஆய்விலிருந்து வந்த வழக்கம். ஆக, வீரியம் குறைந்த, நடுத்தரக் களிம்புகளால் குழந்தைக்குப் பாதிப்பு இருப்பதாகத் தெரியவில்லை. வீரியமானவற்றை மாதக்கணக்கில் அதிக அளவு பூசிய பெண்களின் குழந்தைகளில் எடைக் குறைவு பார்க்கப்பட்டிருக்கிறது. மருத்துவர் பார்த்துச் சில நாளைக்குக் கொடுப்பது வேறு. ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாட்டிக் மூன்றையும் கலந்த களிம்பை நாமாகவே வாங்கி இடுக்கில் பூசுவதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அதில் பெரும்பாலும் இருப்பது வீரியமான ஸ்டீராய்டு.

இயற்கையானது என்றால் தீங்கில்லை என்று நம்புகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அதிமதுரத்தில் உள்ள கிளைசிரைசின் இதே எச்.எஸ்.டி.2 நொதியைத்தான் தடுக்கிறது. பின்லாந்தில் கர்ப்பிணிகள் அதிமதுர மிட்டாய் நிறையச் சாப்பிடுவது பற்றி ஆய்வுகள் நடந்து, அதைத் தவிர்க்கச் சொல்லும் அளவுக்குப் போனது.

துண்டுச்சீட்டு மேல் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. அது பயமுறுத்துவதற்குப் பெரிய காரணம், கர்ப்பிணிகளை வைத்து மருந்து ஆய்வு செய்ய யாரும் பணம் போடாததுதான். கர்ப்பிணிகள் சாப்பிட்ட தாலிடோமைடு மாத்திரையால் குழந்தைகள் ஊனமாகப் பிறந்த துயரத்துக்குப் பிறகு அந்தத் தயக்கம் வந்தது, புரிகிறது. ஆனால் ஆய்வே செய்யாமல் இருப்பதும் பாதுகாப்பு ஆகாது. தூக்கமில்லாமல் சொறிந்து புண்ணாக்கிக்கொள்ளும் பெண்ணுக்கு அதற்கான விலை நேரடியாகத் தெரியும்.

களிம்போடு செய்ய வேண்டியவையும் உண்டு. நம் தோலின் காரகாடித்தன்மை (pH) 5 சுற்றுவட்டாரத்தில், அதாவது லேசான அமிலம். சோப்பு 9, 10. அந்த ஒரு குளியலிலேயே தோல் செல்களைப் பிணைக்கும் முடிச்சுகளை வெட்டும் நொதிகள் விழித்துக்கொள்ளும். அதனால் இடுக்கில் சோப்பு, வாசனை ஈரத்துடைப்பான், கிருமிநாசினித் திரவம் எதுவும் வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரும் வாசனையில்லாத ஈரப்பதக் களிம்பும் போதும். தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, உடனே வெள்ளை பாரஃபின் களிம்பை மெல்லிய படலமாகப் பூசிவிட்டால் சிறுநீரும் வெள்ளைப்படுதலும் தோலைத் தொடாது. அரிப்பு தாங்காத நேரத்தில் துணியில் சுற்றிய குளிர்ந்த ஒத்தடம் கொடுங்கள். குளிர் உணர்வு தண்டுவடத்திலேயே அரிப்புச் செய்தியை அடக்கும், சொறிந்தாலோ செல்கள் உடைந்து இன்னும் அழற்சியைக் கிளப்பிவிடும்.

முலைக்காம்பிலும் எக்ஸிமா வரும், சிகிச்சை இதே முறைதான். ஒரு பக்கம் மட்டும் வந்து சிகிச்சைக்கும் அடங்காமல் இருந்தால் மட்டும் மருத்துவரிடம் காட்டிப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். தயிர் மாதிரி வெள்ளையாகப் படிந்தால் அது பூஞ்சையாக இருக்கலாம், கர்ப்பத்தில் அதுவும் சகஜம், அதற்கு மருந்து வேறு. தடிப்பே இல்லாமல் உள்ளங்கையும் உள்ளங்காலும் அரித்தால், தொப்புளைச் சுற்றிக் கொப்புளம் கிளம்பினால், எக்ஸிமா மேல் காய்ச்சலோடு குழிக்குழியாகப் புண் வந்தால், அன்றே போய்க் காட்டிவிடுங்கள். கடிதம் எழுதியவருக்கு: இந்தக் கணக்கை உங்கள் மருத்துவரிடம் காட்டி ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள், அப்புறம் இன்று ராத்திரியே அந்த மூடியைத் திறங்கள்.