விவாகரத்தில் அப்பாக்கள் கோட்டை விடும் இடம்

“பிள்ளை விஷயத்தில் எப்படியும் அம்மா பக்கம்தானே மேடம் தீர்ப்பு வரும்? வீணாக எதற்குச் செலவு?” சிங்கப்பூரில் குடும்ப வழக்குகளை நடத்தும் வழக்கறிஞராக, அப்பாக்களிடம் நான் அதிகம் கேட்பது இதைத்தான். வேறு சிலர் நேர்மாறு. “பிள்ளையோடு சரிபாதி நாள் எனக்கு வேண்டும், ஒரு நாள்கூடக் குறையக் கூடாது” என்று ஆரம்பிப்பார்கள். முதல் வகை போராடாமலே விட்டுக்கொடுத்துவிடும். இரண்டாவது வகை போராட வேண்டாத இடத்தில் போராடிப் பணத்தைக் கரைக்கும்.

மாதர் சாசனம் என்ற பெயரைக் கேட்டாலே சிலருக்குப் பயம். திருமணம், விவாகரத்து பற்றிய 1961ஆம் ஆண்டின் அந்தச் சிங்கப்பூர்ச் சட்டம், பிள்ளை விவகாரத்தில் பிள்ளையின் நலனைத்தான் முதலில் வைக்கிறது. பெற்றோரின் விருப்பமெல்லாம் அதற்குப் பிறகுதான். பிள்ளை தாயிடம்தான் இருக்க வேண்டும் என்று அதில் ஒரு வரியும் கிடையாது. அதற்காக அப்பாக்களின் பயம் முழுக்கக் கற்பனை என்றும் சொல்ல மாட்டேன். 1997இல் ஒரு வழக்கில், கீழ் நீதிமன்றத்தில் தந்தைக்குச் சாதகமாக வந்திருந்த உத்தரவை மேல்முறையீட்டு நீதிமன்றம் மாற்றிக் குழந்தையைத் தாயிடம் கொடுத்தது. தாய்க்கும் சிறு குழந்தைக்கும் உள்ள பிணைப்பை அந்தத் தீர்ப்பு அழுத்திச் சொன்னது. கைக்குழந்தை வழக்குகளில் இன்றும் அந்த எண்ணம் எதிரொலிக்கிறது.

கஸ்டடி பற்றி முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். எந்தப் பள்ளி, எந்த மதம், பெரிய அறுவை சிகிச்சை வேண்டுமா என்பது போன்ற பெரிய முடிவுகளை எடுக்கும் அதிகாரம்தான் அது. 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், இந்த அதிகாரம் பொதுவாக இருவரிடமும் இருக்க வேண்டும், கொடுமை போன்ற விதிவிலக்கான சூழலில்தான் ஒருவரிடம் மட்டும் போக வேண்டும் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆக, பெரும்பாலான அப்பாக்களுக்கு அது கையில் இருக்கிறது. “கஸ்டடியை விடாதே” என்று மாமாவும் சித்தப்பாவும் வாட்ஸ்அப்பில் ஏற்றிவிடுவது, யாரும் பறிக்காத ஒன்றுக்காக. உண்மையான வழக்கு கேர் அண்ட் கன்ட்ரோலில் இருக்கிறது: பிள்ளை எந்த வீட்டில் தூங்கி எழும், யார் பள்ளிக்கு அனுப்புவார்கள். அது கிடைக்காதவருக்கு அக்சஸ், அதாவது பிள்ளையோடு இருக்கும் நேரம்.

இதில் நீதிபதி தேடுவது, இத்தனை நாள் பிள்ளையின் அன்றாடம் யார் கையில் ஓடியது என்பதை. அதனால் நான் அப்பாக்களிடம் அன்பைப் பற்றிக் கேட்பதில்லை. வகுப்பாசிரியர் பெயர் என்ன? கடைசியாகக் காய்ச்சல் வந்தபோது பாலிகிளினிக்குக்கு அழைத்துப் போனது யார்? பேரன்ட்ஸ் கேட்வே செயலி உங்கள் கைப்பேசியில் இருக்கிறதா? இந்த மூன்றாவது கேள்வியில்தான் பலர் விழிப்பார்கள். பள்ளி அனுப்பும் ஒப்புதல் படிவமெல்லாம் அதில்தான் வரும். அரசின் மின்னடையாளமான சிங்பாஸ் வைத்து ஐந்து நிமிடத்தில் உள்ளே போய்விடலாம். அதையே செய்யாமல் “நான்தான் எல்லாம் பார்த்துக்கொண்டேன்” என்று வாக்குமூலத்தில் எழுதினால், எதிர்த்தரப்பு ஒரே பத்தியில் உடைத்துவிடும்.

அடையாளத்தை மாற்றிச் சொல்கிறேன். ஒருவர் பேருந்து ஓட்டுநர், ஷிஃப்ட் வேலை. தன் வேலை நேரத்தாலேயே தோற்றுவிடுவோம் என்று நினைத்திருந்தார். அவர் கொண்டுவந்த நெகிழிப் பையில் மகளின் சொல்வதெழுதுதல் புத்தகம் இருந்தது. ஒவ்வொரு வாரமும் பெற்றோர் கையெழுத்து போடும் இடத்தில் அவருடைய கிறுக்கல். சில பக்கங்களில் தவறான சொல்லுக்குக் கீழே ‘ழ’, ‘ள’ வேறுபாட்டைப் பெரிதாக எழுதிக் காட்டியிருந்தார். காலை ஷிஃப்ட் முடிந்து மாணவர் பராமரிப்பு நிலையத்திலிருந்து அழைத்து வருவதும் அவர்தான். அங்கே கையொப்பப் பதிவு இருந்தது. இரண்டையும் பிரதி எடுத்து வாக்குமூலத்தோடு இணைத்தோம். சமரசப் பேச்சிலேயே வாரத்தில் மூன்று இரவு அவரோடு என்று முடிவானது. அழகான ஆங்கிலத்தில் பத்துப் பக்கம் எழுதியிருந்தாலும் அந்தப் புத்தகம் செய்த வேலையைச் செய்திருக்காது.

சண்டை முற்றியதும் கோபத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவது இன்னொரு பெரிய இடறல். வீட்டில் வன்முறை இருந்தால் அது வேறு கதை. உடனே விலகத்தான் வேண்டும். மற்றபடி, கிளம்பும் முன்பே பிள்ளையை என்றைக்குப் பார்ப்பது, எத்தனை மணிக்கு அழைத்துப் போவது என்று ஒரு குறுஞ்செய்தியாவது எழுத்தில் இருக்கட்டும். வழக்கு நீதிபதி முன் வருவதற்குள் மாதக்கணக்கில் ஓடிவிடும். அந்த மாதங்களில் பிள்ளை பழகிய வழக்கத்தைக் கலைக்க எந்த நீதிபதியும் யோசிப்பார்.

உலகில் அப்பாக்களின் உரிமைக்காக இயக்கம் நடத்தியவர்கள் சும்மா இருக்கவில்லை. 2004இல் பிரிட்டனில் நாடாளுமன்றத்துக்குள் பிரதமர் மீது ஊதாப்பொடி வீசினார்கள். அதே ஆண்டு பேட்மேன் வேடத்தில் ஒருவர் பக்கிங்ஹாம் அரண்மனைச் சுவரில் ஏறி நின்றார். ஆஸ்திரேலியாவில் 2006இல் சட்டமே திருத்தப்பட்டது: பெற்றோர் இருவருக்கும் சமமான பொறுப்பு என்ற அனுமானத்திலிருந்து நீதிமன்றம் தொடங்க வேண்டும் என்று. அதைச் சரிபாதி நாட்கள் என்று பலர் தப்பாகப் புரிந்துகொண்டார்கள், வழக்குகளும் குழம்பின. 2024 மே மாதம் அந்த அனுமானம் சட்டத்திலிருந்து நீங்கியது. சிங்கப்பூருக்கு அந்த வழி வேண்டாம் என்பது என் கருத்து. வடக்கே ஈசூனில் ஒரு வீடு, மேற்கே ஜூரோங்கில் ஒரு வீடு என்றால், காலை ஏழரைக்குள் பள்ளியில் நிற்க வேண்டிய பிள்ளையின் பாடு என்ன?

ஆனால் ஒரு விஷயத்தில் அப்பாக்களின் ஆத்திரம் முழுக்க நியாயம். அக்சஸ் உத்தரவு கையில் இருக்கும். சனிக்கிழமை போய் புளோக் கீழே காத்திருப்பார். “பிள்ளைக்கு உடம்பு சரியில்லை” என்று செய்தி வரும். அடுத்த வாரம் டியூஷன். அதற்கடுத்த வாரம் “அவளே வர மாட்டேன் என்கிறாள்”. மாதர் சாசனத்தில் 2022இல் நிறைவேறிய திருத்தம் இதற்காகவே சில வழிகளைத் தந்தது: இழந்த நேரத்துக்கு ஈடான நேரம், வீணான செலவுக்கு இழப்பீடு, ஆலோசனைக்குப் போகும்படி உத்தரவு, அதையும் மீறினால் அபராதம், சிறை வரை. இதைப் பயன்படுத்தத் தேதி, நேரம், வந்த செய்தி எல்லாவற்றையும் அப்படியே சேர்த்து வையுங்கள். பதிலுக்கு வாட்ஸ்அப்பில் திட்டினால் அதையும் எதிர்த்தரப்பு சேர்த்து வைக்கும்.

“பிள்ளையைக் காட்டவில்லை, அதனால் ஜீவனாம்சம் தர மாட்டேன்” என்று மட்டும் இறங்காதீர்கள். சட்டத்தில் இரண்டும் தனித்தனி. பிள்ளை அப்பாவிடம் வளர்ந்தால், பணம் தராத அம்மாவிடமிருந்தும் பிள்ளைக்கான பணத்தைக் கேட்கலாம் என்பது பல ஆண்களுக்குத் தெரியாது.

நம் ஆட்களிடம் மட்டும் அதிகம் பார்க்கும் சிக்கல் ஒன்று உண்டு. ஜூன் விடுமுறைக்கு அம்மாவும் பிள்ளையும் ஊருக்குப் போவார்கள். பள்ளி திறந்தும் திரும்ப மாட்டார்கள். பிறகு பார்த்தால் கோயம்புத்தூரிலோ திருச்சியிலோ பிள்ளையைப் பள்ளியில் சேர்த்திருப்பார்கள். (அப்பா கூட்டிப் போய்ப் பாட்டியிடம் விட்டுவந்த வழக்குகளும் உண்டு.) கடத்திச் செல்லப்படும் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பும் ஹேக் உடன்படிக்கை சிங்கப்பூரில் 2011 முதல் நடப்பில் இருக்கிறது. இந்தியா அதில் சேரவில்லை. அங்கே போய் வழக்குப் போட்டாலும், இங்குள்ள உத்தரவை அந்த நீதிமன்றம் ஓர் அம்சமாக மட்டுமே பார்க்கும். 2017இல் இந்திய உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. இங்கே கஸ்டடி உத்தரவு நடப்பில் இருந்தால், ஒரு மாதத்துக்கு மேல் பிள்ளையை வெளிநாடு கொண்டுபோக மற்றவரின் எழுத்துபூர்வமான சம்மதமோ நீதிமன்ற அனுமதியோ வேண்டும். உத்தரவே இல்லாத நிலையில் இந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே சந்தேகம் இருந்தால் விமான டிக்கெட் போடும் முன்பே தடையுத்தரவு கேளுங்கள். பிள்ளையின் பாஸ்போர்ட் எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள்.

பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்துப் பேசவைப்பவர்களும் இருக்கிறார்கள். பிள்ளையிடம் பேசி நீதிமன்ற ஆலோசகர் எழுதும் அறிக்கை பொதுவாக நீதிபதிக்கு மட்டும்தான் போகும், பெற்றோர் கண்ணில் படாது. எட்டு வயதுப் பிள்ளை வாயில் “மெயின்டனன்ஸ்” (ஜீவனாம்சம்) என்ற சொல் வந்தால் அது எங்கிருந்து வந்தது என்று ஆலோசகருக்குத் தெரியாதா என்ன?

முஸ்லிம் முறைப்படி மணந்தவர்களின் மணவிலக்கு ஷரியா நீதிமன்றத்துக்குப் போகும். நடைமுறை வேறு, அதற்குப் பழக்கப்பட்ட வழக்கறிஞரைப் பாருங்கள். வருமானம் குறைவு என்றால் சட்ட உதவிப் பிரிவை அணுகலாம். வழக்குக்கு முன் தமிழில் மனம்விட்டுப் பேச, இந்தியர்களுக்கான சுயஉதவி அமைப்பான சிண்டாவின் குடும்ப சேவை நிலையம் இருக்கிறது. அங்கே போய்ப் பேசிவிட்டு என்னிடம் வருகிறவர்கள் பாதி வழக்கை ஏற்கெனவே முடித்துவிட்டு வருகிறார்கள். எனக்கு வருமானம் குறைகிறது, பரவாயில்லை.