ஏற்றத்தில் கருகும் கிளட்ச்

பர்மாவில் கின்புன் அடிவாரத்திலிருந்து சைட்டியோ பொற்பாறைக்கு ஆளேற்றிப் போகும் லாரிகளில் பலகை பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்தவர்களுக்கு அந்தச் சாலை மறக்காது. வளைந்து வளைந்து ஏறிக்கொண்டே இருக்கும். ரங்கூனிலிருந்து குடும்பத்தோடு போகிற நம்மவர்கள் பிரேக் பிடிக்குமா என்றுதான் பயப்படுவார்கள். ஏறும்போது அடி வாங்குவது பிரேக் அல்ல, கிளட்ச். அதுவும் ஓடும்போது அல்ல. முன்வண்டி வளைவில் நின்று, நம் வண்டியும் நின்று, மறுபடி கிளம்பும் அந்த ஓரிரு நொடியில்.

எஞ்சினுக்கு நின்ற நிலையிலிருந்து இழுக்கத் தெரியாது. சும்மா ஓடவே நிமிடத்துக்கு 700, 800 சுற்று வேண்டும். அதற்கு ரொம்பக் கீழே போனால் அணைந்துவிடும். சக்கரமோ அசையாமல் நிற்கிறது. சுற்றுகிற ஒன்றையும் சுற்றாத ஒன்றையும் முறியாமல் சேர்த்து வைக்க ஒரே வழி, கொஞ்ச நேரம் உரசவிட்டுப் பிறகு பிடிக்கவைப்பது. கிளட்ச் செய்வது அதைத்தான்.

எஞ்சின் முனையில் ஃப்ளைவீல், எஞ்சினோடு சுற்றும் கனத்த சக்கரம். அதை ஒட்டி கிளட்ச் பிளேட். இரண்டு முகத்திலும் உராய்வுப் பட்டை ரிவெட் அடித்திருக்கும், நடுத்துளையின் பற்கள் கியர் பாக்ஸ் ஷாஃப்டில் கோத்திருக்கும். அதற்கு வெளியே, ஃப்ளைவீலோடு போல்ட் போட்டு இறுக்கிய கவருக்குள் பிரஷர் பிளேட். டயாஃப்ரம் ஸ்பிரிங் அதை 400 கிலோ எடைக்கு மேற்பட்ட விசையால் எப்போதும் அமுக்கிக்கொண்டிருக்கும். கிளட்ச் மிதியை அழுத்தினால் ரிலீஸ் பேரிங் முன்னால் போய் ஸ்பிரிங்கின் நடுவில் விரல்போல நீட்டியிருக்கும் நாக்குகளைத் தள்ளும், ஓரம் பின்வாங்கும், பிளேட் தளர்ந்து தனியாகும். சில மில்லிமீட்டர் ஆட்டம்தான், அவ்வளவே.

உரசல் என்றால் சூடு. 1,500 கிலோ வண்டியைச் சமதளத்தில் மணிக்கு 10 கி.மீ. வேகத்துக்குக் கொண்டுவர 5.8 கிலோஜூல் ஆற்றல் போதும். எஞ்சின் சுற்றை மாற்றாமல் கிளம்பினால், கிட்டத்தட்ட அதே அளவு கிளட்சில் சூடாகப் போய்விடும். எவ்வளவு நைசாக மிதியை விட்டாலும் இந்தக் கணக்கு மாறாது. அதைத் தாங்கத்தான் கிளட்சே இருக்கிறது.

வம்பு எங்கே என்றால், சரிவில் ஹேண்ட்பிரேக் போடாமல் கிளட்சிலேயே வண்டியைத் தொங்கவிடும் பழக்கத்தில். பத்தடிக்கு ஓரடி ஏறும் சரிவில், நிமிடத்துக்கு 1,000 சுற்றில் அதே வண்டியை அப்படி நிறுத்திப் பாருங்கள். முதல் கியரின் மொத்த விகிதம் 14 (எஞ்சின் 14 சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று) என்றும் சக்கர ஆரம் 30 செ.மீ. என்றும் வைத்தால், சுமார் 3.3 கிலோவாட் வருகிறது. மூன்று இஸ்திரிப் பெட்டிகளை ஒன்றாக எரியவிட்டு மூடி வைத்தது போல. இரண்டு நிமிடம் நின்றால் 10 கிலோ இரும்பு முழுவதும் 85 டிகிரி கூடுதலாகச் சூடேறும். உரசும் மேற்பரப்பு அதற்கும் எத்தனையோ மேலே போகும். கருகிய வாடை வருகிறதே, அது பட்டையிலுள்ள பிசின் வேகிற வாடை. இறங்கும்போது கிளட்சை மிதித்தபடி உருளவிடுவது அதைவிட மோசம். எஞ்சின் பிடியே போய், சுமை முழுக்க பிரேக்கின் தலையில் விழும்.

மௌலமைன் தெருக்களில் ஓடும் ஹோண்டா வேவ் மாதிரி பைக்குகளில் இடது கையில் லீவரே கிடையாது. கிளட்ச் இல்லாமல் இல்லை, இரண்டு இருக்கிறது. எஞ்சினின் சுழல்தண்டான கிராங்க் பக்கம் ஒன்று: சுற்று ஏற ஏற எடைகள் வெளியே விரிந்து தானே பிடித்துக்கொள்ளும். கியர் பக்கம் பல தகடுகள் கொண்ட இன்னொன்று, கியர் மிதியை அழுத்தும் காலே அதைத் திறந்துவிடும். இரண்டும் எஞ்சின் ஆயிலிலேயே முங்கி ஓடுபவை. மலிவாகக் கிடைக்கிறதென்று காருக்கான வழவழப்பு ஆயிலை ஊற்றினால் வழுக்க ஆரம்பித்துவிடலாம். டப்பாவில் ஜாஸோ எம்.ஏ. (ஆயிலில் முங்கிய கிளட்ச் உள்ள பைக்குகளுக்கான ஜப்பானியத் தரக்குறி) என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

காரில் தேய்மானம் முதலில் தெரிவது மேல் கியரில்தான். ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் எஞ்சின் இரையும், வேகம் ஏறாது. சந்தேகமிருந்தால் சமதளத்தில், முன்னால் யாரும் இல்லாத இடத்தில் ஹேண்ட்பிரேக்கை இழுத்து, மேல் கியர் போட்டு, மெதுவாக மிதியை விடலாம். எஞ்சின் அணைந்தால் கிளட்ச் நன்றாக இருக்கிறது. ஓடிக்கொண்டே இருந்தால் தீர்ந்தது. அடிக்கடி செய்கிற சோதனை அல்ல இது, ஒவ்வொரு தடவையும் பட்டையைக் கொஞ்சம் தின்னும். கிளட்ச் கேபிளில் இயங்கும் வண்டியானால் அதற்கும் முன்னால் மிதியின் ஆட்டத்தை, அதாவது தொடக்கத்தில் அது சும்மா இறங்கும் தூரத்தை, பாருங்கள். பட்டை தேயத் தேய ஸ்பிரிங் விரல்கள் பேரிங்கை நோக்கி வரும், ஆட்டம் குறையும். சரிசெய்யாமல் விட்டால் பேரிங் எப்போதும் அழுந்தி, நல்ல பிளேட்டும் வழுக்கும். கிளட்ச் திரவ அழுத்தத்தில் இயங்கும் வண்டிகள் பெரும்பாலும் இதைத் தானே ஈடுகட்டிக்கொள்ளும். மிதியை அழுத்தும்போது மட்டும் கீச்சென்றால் பேரிங்; கிளம்பும்போது வண்டி உதறினால் பட்டையில் ஆயில் கசிந்ததா என்று பார்க்க வேண்டும்.

மாற்றுவதில் பெரிய செலவு பாகங்களைவிடக் கியர் பாக்ஸை இறக்கும் கூலிதான். அதனால் பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூன்றையும் ஒன்றாகவே மாற்றுவது புத்திசாலித்தனம். கிராங்க் சீல் கசிந்தால் அதையும். ரிவெட் தலை பட்டை மட்டத்திலிருந்து 0.3 மி.மீ. ஆழம்கூட இல்லையென்றால் பிளேட்டுக்கு ஆயுள் முடிந்தது. ஃப்ளைவீலில் நீலத் திட்டும் மயிரிழை வெடிப்பும் தெரிந்தால் கடைசலுக்கு அனுப்பவோ மாற்றவோ வேண்டும். இதைச் செய்யாமல் மழுப்பும் கடையில் வண்டியை விடாதீர்கள். புது பிளேட்டை நடுவில் நிறுத்தப் பழைய கியர் ஷாஃப்ட் துண்டையே நம் ஃபிட்டர்கள் செருகுவார்கள், அருமையாக வேலை செய்யும். போல்ட்டுகளைக் குறுக்கும் மறுக்குமாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினால் கவர் வளையாது. பற்களில் தடவும் கிரீஸ் விரல் நுனியளவு போதும், மிஞ்சினால் பட்டையில் தெறிக்கும். உள்ளே படிந்திருக்கும் கறுப்புத் தூசியைக் காற்றடித்து ஊத வேண்டாம், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். பழைய பட்டைகளில், மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம்.