பாக்டீரியா தடுப்பூசி: 'மருந்துக்குக் கேட்கல' என்ற பேச்சிலிருந்து

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மருந்துக் கடையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் இருந்த அம்மா காலி மாத்திரை அட்டையை நீட்டி, "தம்பி, பையனுக்குப் போன வாட்டி குடுத்தது கேக்கலப்பா, இதைவிட பவரா ஒண்ணு குடு" என்றார். கடைக்காரப் பையன் டாக்டர் சீட்டுகூடக் கேட்கவில்லை. அட்டையில் நான்கு மாத்திரையைக் கத்தரித்துக் கொடுத்தான். இரண்டு நாளைக்கு ஆன்டிபயாடிக். வீடு வரும்வரை அந்தக் 'கேக்கல' மனதை விட்டுப் போகவில்லை.

நோய் மருந்துக்குக் கேட்கவில்லை என்பது நம் வீடுகளில் புழங்கும் பேச்சு. கேட்காதது எது என்பதில்தான் குழப்பம். "உடம்புக்கு மருந்து பழகிடுச்சு" என்கிறார்கள். பழகுவது உடம்பு இல்லை, கிருமி. கோடிக்கணக்கான பாக்டீரியாக்களில் மரபணு மாறிய ஒன்றிரண்டு மருந்தைத் தாங்கி நிற்கும். மற்றவை செத்துப்போனால் இடமெல்லாம் இவற்றின் வாரிசுகளுக்குத்தான். போதாததற்கு, அந்த மரபணுவை வேறு இனப் பாக்டீரியாவுக்கும் கைமாற்றிவிடும். பண்ருட்டிப் பக்கம் முந்திரித்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். ஒரே பூச்சிமருந்தை வருடக்கணக்கில் அடித்தால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும்.

இதற்குச் செய்திகளில் வரும் பெயர் 'நுண்ணுயிர் எதிர்ப்பி எதிர்ப்பு'. எனக்கு இது பிடிக்கவில்லை. உடம்பில் இருப்பது நோய் எதிர்ப்பு சக்தி, மாத்திரை நுண்ணுயிர் எதிர்ப்பி, கிருமியின் முரண்டும் எதிர்ப்பு. மூன்றுக்கும் ஒரே சொல் என்றால் படிப்பவர் என்ன செய்வார்? ஆன்டிபயாடிக்கை 'நுண்ணுயிர்க்கொல்லி' என்று எழுதுவது எனக்குத் தெளிவாகப் படுகிறது. அவற்றில் சில கொல்லாமல் வளர்ச்சியை மட்டும் நிறுத்தும்; ஆனாலும் வேலை புரிகிறது. கிருமியின் குணத்துக்குக் 'கேளாமை' என்று வைத்தால் காதுதான் நினைவுக்கு வரும். அதனால் 'மருந்துக்கு மசியாமை' என்பேன்.

சரி, தடுப்பூசிக்கு வருவோம். வாக்சின் என்ற சொல்லின் வேர் 'வாக்கா', லத்தீனில் பசு. புதுச்சேரியில் பிரெஞ்சு படித்த பிள்ளைகளுக்கு 'வாஷ்' என்றால் பசு என்று தெரியும். இரண்டும் ஒரே வேர். 1796-இல் எட்வர்ட் ஜென்னர் பசு அம்மைக் கொப்புளத்தின் நீரை ஒரு சிறுவனின் கையில் கீறி வைத்து, பெரியம்மையிலிருந்து காத்தார். பசுவோடு சம்பந்தமே இல்லாத நோய்களுக்கும் அந்தப் பெயரையே வைக்கலாம் என்று 1881-இல் சொன்னவர் லூயி பாஸ்டர், ஜென்னருக்கு மரியாதையாக. அவர் ஆய்வுக்கூடத்தில் முதலில் செய்த தடுப்பூசி, கோழிகளுக்கு வரும் கோழிக் காலராவுக்கு. அது பாக்டீரியா நோய். பென்சிலின் கண்டுபிடிப்பதற்கு ஏறக்குறைய ஐம்பது வருடம் முன்பே பாக்டீரியா தடுப்பூசி வந்துவிட்டது. 1897-இல் பம்பாயில் ஹாஃப்கின் என்ற ஆய்வாளர், தான் செய்த பிளேக் தடுப்பூசியை முதலில் தனக்கே போட்டுப் பார்த்தார். பிளேக்கும் பாக்டீரியா நோய்தான்.

நம்மிடம் முதலில் இருந்த சொல் 'அம்மை குத்துதல்'. திருப்பாதிரிப்புலியூரில் என் பெரியம்மாவின் மேல்கையில் வட்டமாக, சுருங்கிய தோலோடு ஒரு தழும்பு இருக்கும். "சின்னதுல அம்மை குத்துனது" என்பார். அப்புறம் எல்லா நோய்க்கும் பொதுவாகத் 'தடுப்பூசி' நிலைத்தது. நல்ல சொல், ஆனால் 'ஊசி' அதில் கொஞ்சம் இடறுகிறது. காலராவுக்கு வாய்வழி மருந்தும் உண்டு. இன்னொரு பக்கம், காய்ச்சலுக்கு டாக்டர் போடுவதும் நம் வாயில் ஊசிதான். எல்லாவற்றுக்கும் பொருந்துவது 'தடுப்பு மருந்து'. கனம் அந்தத் 'தடுப்பு'க்குத்தான்.

நுண்ணுயிர்க்கொல்லி, கிருமி உடம்பில் பெருகிய பிறகு வருகிறது. எண்ணிக்கை அதிகம், அதனால் மசியாத ஒன்று இருக்க வாய்ப்பும் அதிகம். தடுப்பு மருந்து, நுழையும் சில கிருமிகளை அங்கேயே மடக்க உடம்பைத் தயார் செய்துவைக்கிறது. நோயே வரவில்லை என்றால் மாத்திரையும் வேண்டாம். தடுப்பு மருந்துகளைச் சரியாகப் பயன்படுத்தினால் ஆண்டுக்கு 250 கோடி தினசரி அளவு (ஒருவர் ஒரு நாளைக்கு எடுக்கும் அளவு) நுண்ணுயிர்க்கொல்லிகளைத் தவிர்க்கலாம் என்று 2024-இல் உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது.

டைபாய்டு இதற்குக் கண்முன் இருக்கும் சாட்சி. 2016 முதல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் வழக்கமான மருந்து பலவற்றுக்கும் மசியாத டைபாய்டு பரவியது. 2019-இல் டைபாய்டு இணைப்புத் தடுப்பூசியைத் தேசியத் திட்டத்தில் சேர்த்த முதல் நாடும் பாகிஸ்தான்தான். 'இணைப்பு' என்றால், பாக்டீரியாவின் சர்க்கரை மேலுறையை ஒரு புரதத்தோடு கோத்துத் தருவது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் உடம்புக்கு வெறும் சர்க்கரையைச் சரியாக அடையாளம் தெரியாது, புரதத்தோடு வந்தால் தெரியும்.

நிமோனியா, மூளைக்காய்ச்சல் போன்றவற்றை உண்டாக்கும் நிமோகாக்கஸ் என்ற பாக்டீரியாவுக்கான ஊசியும் இதே வகை. அமெரிக்காவில் 2000-இல் அது வந்த பிறகு, பென்சிலினுக்கு மசியாத கடும் நிமோகாக்கஸ் தொற்று இரண்டு வயதுக்குட்பட்டவர்களிடம் 2004-க்குள் 81 சதவீதம் குறைந்தது. பிறகு ஊசியில் இல்லாத 19ஏ என்ற வகை தலைதூக்கியது. அதையும் சேர்த்துப் புது ஊசி செய்ய வேண்டியிருந்தது. பச்சிளம் குழந்தைகளின் ரத்தத்தில் தொற்றும் கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியாவுக்கு இன்னும் தடுப்பூசி இல்லை. அதன் மேலுறையில் எழுபதுக்கும் மேற்பட்ட வகை இருப்பது பெரிய தடை. கர்ப்பிணிக்குப் போட்டுக் குழந்தையைக் காக்கலாமா என்று ஆராய்கிறார்கள்.

நம் நாடு முழுக்க நிமோகாக்கஸ் ஊசி இலவசத் திட்டத்துக்கு வந்தது 2021-இல். 6 வாரம், 14 வாரம், 9 மாதம் என மூன்று தவணை. அந்த அம்மாவோடு வந்திருந்த பையனுக்குப் பத்து வயது இருக்கும். அவன் கைக்குழந்தையாக இருந்தபோது கடலூரில் அது இலவசமாகக் கிடைக்கவில்லை.