ஜீரோ காப்பி: படியெடா அனுப்புகை

படி எடுக்காமல் ஒரு கோப்பு எப்படி இன்னொரு கணினிக்குப் போகும்? 'ஜீரோ காப்பி' என்ற சொல்லை முதன்முதலில் கேட்பவருக்கு இந்தச் சந்தேகம் வரும். இங்கே சுழியமாவது கணினியின் மையச் செயலி (சிபியு) தன் கையால் எடுக்கும் படிகள் மட்டுமே.

தரவைப் பல கணினிகளில் பிரித்து வைக்கும் ஹடூப் மென்பொருளின் பகிர்ந்த கோப்பு முறைமையில் ஒரு தரவுக் கணு (தரவைச் சேமித்திருக்கும் கணினி), கேட்பவருக்கு ஒரு கோப்புத் துண்டை அனுப்புவதாகக் கொள்வோம். பழைய வழியில் வட்டிலிருந்து இயங்குதளக் கருவின் (கெர்னல்) நினைவகத்துக்கு ஒரு படி, அங்கிருந்து நிரலின் நினைவகத்துக்கு ஒன்று, திரும்பவும் கருவுக்குள், பிணையத் தொடர்பின் முனையான சாக்கெட்டின் இடையகத்துக்கு (தற்காலிக நினைவிடம்) ஒன்று, கடைசியாகப் பிணைய அட்டைக்கு ஒன்று. முதலும் கடைசியும் வன்பொருளின் பாடு. நடுவிலுள்ள இரண்டும் செயலியின் தலையில் விழுகின்றன. இத்தனைக்கும் நிரல் அந்தத் தரவில் ஓர் எழுத்தைக்கூட மாற்றுவதில்லை. வெட்டி வேலை!

1999இல் வெளிவந்த லினக்ஸ் 2.2, 'சென்ட்ஃபைல்' அழைப்பின் மூலம் நிரலுக்குள் போய்வரும் அலைச்சலை ஒழித்தது. 2.4 பதிப்பில், பிணைய அட்டை ஒத்துழைத்தால், எஞ்சிய ஒன்றும் போயிற்று: தரவு இருக்குமிடமும் நீளமும் கொண்ட குறிப்பு மட்டுமே சாக்கெட்டுக்குப் போகும். ஜாவா மொழியின் 'டிரான்ஸ்ஃபர்டூ' வழியாக ஹடூப்பும், செய்தியோட்டங்களைக் கையாளும் காஃப்கா மென்பொருளும் இதைப் பயன்படுத்துகின்றன.

'ஜீரோ'வின் வேர், வெறுமையைக் குறிக்கும் 'சிஃப்ர்' என்ற அரபுச் சொல். 'காப்பி'யோ 'மிகுதி' என்று பொருள்படும் 'கோப்பியா' என்ற லத்தீன் சொல்லில் பிறந்தது. வெறுமையும் மிகுதியும் ஒரே தொடரில் கூடியிருப்பது வேடிக்கைதான்.

தமிழுக்கு வருவோம். 'சுழியப்படி' என்றால் மாடிப்படிக் கணக்குப் போல ஒலிக்கிறது. 'நகலில்லாக் கடத்தல்' என்றால் காவல் நிலையம் நினைவுக்கு வரும். மேலும் 'நகல்' என்பதன் அரபு மூலமான 'நக்ல்' இடம் மாற்றுதலையும் குறிக்கும். இங்கே குழப்பமே மிஞ்சும். ஏட்டைப் பார்த்து எழுதுவதைப் 'படியெடுத்தல்' என்றே சொல்லி வந்திருக்கிறோம். 'செல்லாக் காசு', 'ஆறாப் புண்' போல 'படியெடா அனுப்புகை' என்பது இயல்பாக அமைகிறது. எண்ணைச் சொல்லாமல் இன்மையைச் சொல்வதால், வன்பொருள் எடுக்கும் இரண்டு படிகளை வைத்து யாரும் கணக்குக் கேட்கவும் முடியாது.

வாக்கியத்தில் வைத்துப் பார்க்கலாம்: 'காஃப்காவில் டிஎல்எஸ் மறையாக்கத்தை இயக்கினால் படியெடா அனுப்புகை நின்றுவிடுகிறது, மறையாக்குவதற்குச் செயலி தரவைத் தொட்டே ஆக வேண்டும்.'