புராசஸ் கேமராவில் என்ன 'செயல்முறை'?

யாங்கோனில் எங்கள் கோயில் மலருக்கு மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தேன். போர்க்காலத்து சர்வே படைப்பிரிவுகளைப் பற்றி ஒரு மொழிபெயர்ப்புக் கட்டுரை. 'இராணுவத் தொழில்நுட்பவியலாளர்கள் பெரிய செயல்முறைப் புகைப்படக்கருவிகளால் வரைபடங்களை மறு உற்பத்தி செய்தனர்' என்று ஒரு வரி. மறு உற்பத்தியாம்! நிலப்படம் என்ன கோழிக்குஞ்சா? ஆங்கிலத்தின் 'புராசஸ் கேமரா'தான் இங்கே 'செயல்முறைப் புகைப்படக்கருவி' ஆகியிருக்கிறது. இந்தச் 'செயல்முறை' என் கண்ணில் படுவது நாலாவது தடவை.

புராசஸ் என்றால் லத்தீனில் முன்னே போவது. கேமரா என்றால் அறை. சொற்பிறப்பு அவ்வளவுதான். ஆனால் அச்சுத் தொழிலில் புராசஸ் என்பது, ஒளியையும் ரசாயனத்தையும் கொண்டு அச்சுத் தகடு செய்யும் வேலையின் பெயர். அந்தத் தகட்டுக்கு நெகட்டிவ் எடுத்துத் தருவது புராசஸ் கேமரா. 1860 வாக்கில் இங்கிலாந்தின் அரசு நிலப்பட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயில் ஹென்றி ஜேம்ஸ், நிலப்படத்தை ஒளிப்படமாக்கித் துத்தநாகத் தகட்டுக்கு மாற்றி அச்சடிக்கும் முறையைக் கொண்டுவந்தார்.

செயல்முறை இல்லாத கேமரா எது? கல்யாணத்தில் படமெடுப்பதும் செயல்முறைதான். அகராதியில் முதலில் கண்ணில் பட்ட பொருளைப் பிடுங்கி ஒட்டினால் இப்படித்தான் ஆகும். அதே கட்டுரையில் 'துத்தநாகத் தட்டு' என்றும் இருக்கிறது. படைவீரர்கள் சோற்றுத் தட்டிலா நிலப்படம் அடித்தார்கள்? போதாததற்குப் 'புகைப்படக்கருவி' வேறு. புகை எங்கே வந்தது? உண்மையில் 'கேமரா' இங்கேதான் ரொம்பப் பொருந்துகிறது. அந்தக் காலத்துப் பெரிய புராசஸ் கேமராக்களில் பின்பாதி சுவரைத் தாண்டி இருட்டறைக்குள்ளேயே இருக்கும். ஃபிலிமை உள்ளே நின்றபடியே மாட்டுவார்கள். வெளியே பலகையில் நிலப்படம், இரு பக்கமும் ஆர்க் விளக்கு. பலகையையும் லென்ஸையும் சட்டத்தில் நகர்த்தி, ஒரு மைலை ஓர் அங்குலமாகக் காட்டும் (1:63,360) படத்தை வேண்டிய அளவுக்குக் கொண்டுவரலாம். அறையேதான் கேமரா.

'நகல் கேமரா' என்று போடலாமே என்றார் ஒரு நண்பர். நகல் அரபியிலிருந்து வந்தது என்பதற்காக நான் தள்ளவில்லை. நம் பேச்சில் அப்படி வந்த சொல் எத்தனையோ. ஆனால் நகல் என்றதும் ஜெராக்ஸ் கடைதான் நினைவுக்கு வருகிறது. இங்கே எடுப்பது யார் கையிலும் கொடுக்கும் தாள் இல்லை. ஆறு நீலம், சமவுயரக்கோடு பழுப்பு, காடு பச்சை என்று நிறத்துக்கு ஒரு தகடு. அதற்கு ஒரு நெகட்டிவ். ஒன்று இம்மி விலகினாலும் ஆறு கரையேறிவிடும்.

கல்வெட்டுக்குப் படி எடுக்கிறோம், ஓலைச்சுவடிக்குப் படி எடுக்கிறோம். மூலத்துக்கு மாறாமல் எடுப்பது படி. அதனால் 'படியெடுப்புக் கேமரா'. 'படிக்கேமரா' என்று சுருக்கினால் மாடிப்படியில் மாட்டியது போலாகிவிடும், வேண்டாம்.

'சர்வே படையின் கேமராக்காரர்கள் படியெடுப்புக் கேமராக்களால் நிலப்படங்களுக்குப் படி எடுத்தார்கள்' என்று திருத்தி அனுப்பினேன். மலர் வேலை பார்க்கும் பையன் உடனே கூப்பிட்டான்.

"கேமராக்காரர்னா கல்யாண வீடு மாதிரி இருக்கே அண்ணே?"

சரி, அதை மட்டும் 'படியெடுப்பாளர்' என்று மாற்றச் சொன்னேன்.