"சமாளிச்சுக்குறேன்"னு சொன்னா அதுக்கு என்ன கோட் போடுறது?

சிங்கப்பூர்ல யூனி படிக்குறப்ப நாங்க அஞ்சு பேரு சேந்து ஒரு சின்ன ஆராய்ச்சி பண்ணோம். நம்ம கேம்பஸ்ல யாரு நல்லா வராங்க, யாரு பின்தங்குறாங்க, ஏன் அப்படி, இதான் கேள்வி. எந்த யூனின்னு கேக்காதீங்க. மார்க்குக்காகப் பண்ணல, எங்களுக்கே தெரிஞ்சுக்கணும் போல இருந்துச்சு. எங்கள்ல ரெண்டு பேரு பாலில (பாலிடெக்னிக்) இருந்து வந்தவங்க, ஒருத்தன் ஐடிஈங்குற தொழிற்கல்வி, பாலி ரெண்டையும் தாண்டி வந்தவன், ஜேசி (ஜூனியர் காலேஜ்) பசங்களுக்கு மொத வாரத்துலயே தெரிஞ்சிருந்த பல விஷயம் இவங்களுக்கு ரெண்டாம் வருஷம்தான் தெரிய வந்துச்சு.

இந்த மாதிரி ஆராய்ச்சிக்கு ஒரு வரலாறே இருக்குன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது. 1940கள்ல கர்ட் லெவின்ங்குற உளவியலாளர் "செயல் ஆராய்ச்சி"ன்னு ஒண்ணச் சொன்னாரு, பிரச்சனைய மாத்த முயற்சி பண்ணிக்கிட்டே அதப் படிக்குறது. 1970கள்ல கொலம்பியா நாட்டுக்காரர் ஓர்லாந்தோ ஃபால்ஸ் போர்டா மாதிரி ஆளுங்க இன்னும் ஒரு படி மேல போனாங்க, யாரப் பத்தி ஆராய்ச்சியோ அவங்களும் ஆராய்ச்சில பங்காளியா இருக்கணும்னாங்க.

அதுல என்ன லாபம்? ஒரு உதாரணம் சொல்றேன். வின்சென்ட் டின்டோன்னு ஒரு அமெரிக்க ஆய்வாளர் 1975ல ஒரு கருத்து வச்சாரு, படிப்புலயும் பழக்கவழக்கத்துலயும் கேம்பஸோட எந்த அளவு ஒட்டுறாங்களோ அந்த அளவு பசங்க படிப்ப விடாம முடிப்பாங்கன்னு. சரிதான். இத நம்பி வெளியாள் ஒருத்தர் வந்து, கிளப், விளையாட்டு மாதிரி பாடத்துக்கு வெளிய உள்ள சிசிஏ பத்தி, "சிசிஏல இருக்கியா?"ன்னு கேப்பாரு, "இல்ல"ன்னு பதில் வந்தா "ஈடுபாடு கம்மி"ன்னு எழுதிட்டுப் போயிடுவாரு. ஆனா உள்ள இருக்குறவங்களுக்குத் தெரியும், அடுத்த வருஷம் ஹால்ல, அதாவது கேம்பஸ் ஹாஸ்டல்ல, ரூம் வேணும்னா சிசிஏ மாதிரி விஷயத்துல கெடைக்குற ஆக்டிவிட்டி பாய்ன்ட் வேணும், சாயங்காலம் ஈஷூன்ல டியூஷன் சொல்லிக் குடுக்குறவனுக்குப் பாய்ன்ட் வராது, பாய்ன்ட் இல்லன்னா ரூம் இல்ல, ரூம் இல்லன்னா தினமும் எம்ஆர்டி ரயில், பஸ்னு போக வர மூணு மணி நேரம், அப்புறம் சிசிஏக்கு ஏது நேரம்? அதனால நாங்க சிசிஏ பத்திக் கேக்கவே இல்ல, "நேத்து எத்தன மணிக்கு வீட்டுக்குப் போன?"ன்னு கேட்டோம். அந்த ஒரு கேள்விக்கு வந்த பதில் மத்த பத்துக் கேள்விய விட உபயோகமா இருந்துச்சு.

ஆனா உள்ளாளுங்கதான் எல்லாம் தெரிஞ்சவங்கன்னு நெனச்சா அங்கதான் சறுக்கும். எங்க மொத முயற்சி கூகுள் ஃபார்ம், தெரிஞ்ச டெலிகிராம் குரூப்புல எல்லாம் போட்டோம், ரெண்டு நாள்ல நிறைய பதில் வந்துச்சு, ஒரே குஷி. பாத்தா பாதிக்கு மேல ஹால்ல தங்குற பசங்க. எங்க குரூப்புல யாரு இருந்தாங்களோ அவங்கதான வருவாங்க! இரண்டாம் உலகப் போர்ல ஆப்ரஹாம் வால்ட்னு ஒரு புள்ளியியல்காரரு இதே மாதிரி ஒரு கணக்கப் போட்டாரு: குண்டடி பட்டுத் திரும்பி வந்த விமானத்துல எங்க ஓட்டை இருக்குன்னு மட்டும் பாத்தா ஏமாந்துடுவோம், ஓட்டை தெரியாத எடத்துல அடி வாங்குன விமானம் திரும்பி வரவே இல்லன்னு அர்த்தம். படிப்ப பாதில விட்டவன் சர்வேக்குப் பதில் சொல்ல மாட்டான், கேம்பஸ்லயே அவன் இல்லையே. அதனால ரெண்டாவது தடவ நாங்க ராத்திரி ஒம்பது மணிக்கு மேல பஸ் ஸ்டாப்புல நின்னோம், லீவ் போட்டுப் போனவங்க நம்பரத் தேடாம, அவங்க ஃபிரெண்ட்ஸ் மூலமா சொல்லி விட்டோம், பேச இஷ்டம் இருந்தா அவங்களே கூப்புடட்டும்னு.

அடுத்து எண்ணிக்கை. சிங்கப்பூர்வாசிகள்ல இந்தியர் சுமார் 9 சதவீதம். 400 பேரக் கேட்டா அதே விகிதத்துல 36 இந்தியர் வருவாங்க. 400 பேர்ல பாதிப் பேரு "ஆமா"ன்னா உண்மையான அளவு 45ல இருந்து 55 சதவீதத்துக்குள்ள இருக்கும்னு ஓரளவு நம்பலாம். 36 பேர்ல பாதின்னா அது 34ல இருந்து 66 வரைக்கும் எங்க வேணா இருக்கலாம்! அதுல பாலில இருந்து வந்தவங்க, வீட்டுல மொத ஆளா யூனி வந்தவங்கன்னு இன்னும் பிரிச்சா கையில அஞ்சு பேரு நிப்பாங்க, ஒருத்தர் மனசு மாறுனா 20 சதவீதம் மாறிடும். இன்னொரு சிக்கலும் இருக்கு, "மூணாம் வருஷம், இன்ஜினியரிங், பாலி, தமிழ்ப் பொண்ணு"ன்னு எழுதிட்டு "பேரு சொல்லல"ன்னா என்ன பிரயோஜனம், தீபாவளி நிகழ்ச்சிக்கு வந்த எல்லாருக்கும் அது யாருன்னு தெரியும். இதுக்குத்தான் ரொம்பச் சின்ன எண்ணிக்கைய அட்டவணைல மறைக்குறது, ஐஆர்பின்னு நெறிமுறைக் குழுகிட்ட முன்கூட்டியே போய் நிக்குறது எல்லாம். எனக்கு அப்ப அது வெட்டி வேலையாத் தெரிஞ்சுது. இப்ப அப்படித் தெரியல.

சராசரியும் பொல்லாதது. அமெரிக்காவுல பெர்க்லி யூனில 1973ல மேல்படிப்புக்கு விண்ணப்பிச்ச ஆம்பளைங்கள்ல 44 சதவீதம் பேருக்கு எடம் கெடச்சுது, பொம்பளைங்கள்ல 35 சதவீதம்தான். அநியாயம்னு தோணும்ல? துறை துறையாப் பிரிச்சுப் பாத்தா பெரும்பாலான துறைல அந்த வித்தியாசம் காணாமப் போயிடுச்சு, ஏன்னா பெண்கள் அதிகமா விண்ணப்பிச்சது எடம் கெடைக்குறதே கஷ்டமான துறைகளுக்கு. 1975ல பிக்கெலும் ரெண்டு சகாக்களும் இத எழுதுனாங்க. "அப்ப அநியாயமே இல்ல"ன்னு முடிச்சுடவும் முடியாது, எந்தத் துறைக்கு யாரு போறாங்கங்குறது ஸ்கூல்லயே தீர்மானமாயிடுதே, கேள்வி ஒரு படி கீழ எறங்குது அவ்வளவுதான்.

சரி, காரணம் தெரிஞ்சா மாத்த முடியுமா? 2011ல வால்டன், கோஹன்னு ரெண்டு அமெரிக்க உளவியலாளருங்க 92 மாணவர்கள வச்சு ஒரு சோதனை பண்ணாங்க. "மொத வருஷம் எல்லாருக்குமே இங்க நமக்கு எடம் இல்லையோன்னு தோணும், போகப் போக சரியாயிடும்"னு சீனியர்ங்க சொன்னத ஒரு மணி நேரம் படிக்க வச்சாங்க, மூணு வருஷத்துல கறுப்பின, வெள்ளையின மாணவர்களுக்கு நடுவுல இருந்த மார்க் வித்தியாசம் பாதியாக் கொறஞ்சுது. கேக்க மாயாஜாலம் மாதிரி இருக்கு. 2023ல இதையே 22 கல்லூரில, கிட்டத்தட்ட 27,000 பேருகிட்ட பண்ணிப் பாத்தாங்க, அப்ப ஒரு நிபந்தனை வெளிய வந்துச்சு: அந்தக் கேம்பஸ்ல அந்த மாதிரி பசங்க ஒட்டிக்க நெசமாவே வழி இருந்தாத்தான் வேல செய்யுது. வாய்வார்த்த மட்டும் பத்தாது. அப்ப நம்ம கேம்பஸ்ல வழி இருக்கா இல்லையான்னு யாராவது உக்காந்து கேட்டாகணும்ல.

அப்படி நேர்ல உக்காந்து கேட்டதுலதான் எங்களுக்கு உண்மையான தலவலி. பேட்டிய எழுதி வச்சுட்டு ஒவ்வொரு வரிக்கும் ஒரு கோட் போடணும், அதாவது எதப் பத்துன பேச்சுன்னு ஒரு லேபிள், பணம், நேரம், குடும்பம், தனிமைன்னு. நம்ம தமிழ்ப் பசங்ககிட்ட எதக் கேட்டாலும் "பரவால்லக்கா, சமாளிச்சுக்குறேன்". இதுக்கு என்ன கோட்? என்கூட இருந்த சீனப் பொண்ணு "பிரச்சனை இல்ல"ன்னு போட்டா. நான் "பணக் கஷ்டம்"னு போட்டேன், எங்க வீட்டுல அந்த வார்த்த மாசக் கடைசிலதான் வரும்.

இதுக்காகத்தான் ரெண்டு பேரு தனித்தனியா, ஒருத்தர் போட்டத ஒருத்தர் பாக்காம கோட் போடுறது. எவ்வளவு ஒத்துப் போச்சுன்னு சும்மா சதவீதம் போட்டா ஏமாத்திடும், ரெண்டே கோட் இருந்தா கண்ண மூடிக்கிட்டுப் போட்டாக்கூடப் பாதி ஒத்துப் போகுமே. 1960ல ஜேக்கப் கோஹன் (மேல சொன்ன கோஹன் இல்ல, வேற ஆளு) கப்பான்னு ஒரு அளவு குடுத்தாரு, அதிர்ஷ்டத்துல ஒத்துப் போறத அது கழிச்சுடும். 70 சதவீதம் ஒத்துப் போச்சு, அதுல 50 அதிர்ஷ்டம்னு வைங்க, மிச்சம் இருந்த 50ல நாம சம்பாதிச்சது 20 தான், கப்பா 0.4. சுமார்தான்.

கப்பா யாரு சரின்னு சொல்லாது, சண்டை எங்கன்னு மட்டும் காட்டும். எங்க சண்டை முழுக்க அந்த ஒரு வார்த்தைலதான் இருந்துச்சு. அதனால நாங்க ரெண்டு பேருமா, அதச் சொன்ன ஒரு ஜூனியர்கிட்டத் திரும்பிப் போனோம், கேன்டீன்ல தே-ஓ (பால் இல்லாத டீ) வாங்கிக் குடுத்து, "தம்பி, அன்னைக்கு சமாளிச்சுக்குறேன்னு சொன்னியே, எத?"ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் ஸ்ட்ராவ சுத்திக்கிட்டே இருந்தான். "காசெல்லாம் இருக்குக்கா. ட்யூட்டோரியல்ல கேள்வி கேக்க மாட்டேன், வீட்டுக்குப் போய் யூட்யூப் பாத்து நானே சமாளிச்சுக்குவேன், அதச் சொன்னேன். பாலில இருந்து வந்தவன் இதுகூடத் தெரியலையான்னு நெனப்பாங்கள்ல."

என்னுதும் தப்பு, அவளோடதும் தப்பு. "கேக்க வெக்கம்"னு புதுசா ஒரு கோட் சேத்துக்கிட்டு எல்லாப் பேட்டியையும் மொதல்ல இருந்து திரும்பப் படிச்சோம்.